சாயத் தண்ணிக்கு உமி, நார்த்தூள்: நம்ம பக்கம் செஞ்சு பார்த்தவங்க சொல்லுங்க

பாளையங்கோட்டை, வேதியியல் ஆசிரியை:
கல்லிடைக்குறிச்சி அரிசி ஆலையில் வாங்கிய உமியை வைத்து மாணவிகளோடு சாயத் தண்ணீரைத் தெளிய வைத்துப் பார்த்தோம். உமியை அப்படியே போட்டால் அதுவே பழுப்பாகக் கறை விடும். கறை நிற்கும்வரை வெந்நீரில் அலசிக் காயவைத்த பிறகுதான் வேலைக்கு ஆகும். அந்த உமி மெத்திலீன் நீலம் என்ற சாயத்தைக் கண்ணெதிரே இழுத்துக்கொண்டது, பிள்ளைகள் கைதட்டினார்கள். அடுத்து, பருத்தித் துணிக்குப் போடும் ரியாக்டிவ் சிவப்புச் சாயம். எவ்வளவு கலக்கியும் நிறம் இறங்கவேயில்லை.

காரணம் மின்சுமை. சாதாரணத் தண்ணீரில் உமியின் மேற்பரப்பு எதிர்மின்சுமை கொண்டது. மெத்திலீன் நீலம் நேர்மின்சுமைச் சாயம், அதனால் ஒட்டுகிறது. ரியாக்டிவ் சாயமும் எதிர்மின்சுமைதான், அதனால் விலகி நிற்கிறது. அமிலம் விட்டு பி.எச். என்ற அமில-கார அளவை 2, 3 என்று இறக்கினால் அதுவும் ஓரளவு ஒட்டும். ஆனால் ஒரு சாயப்பட்டறையின் தண்ணீர் முழுவதற்கும் அமிலம் ஊற்றி, மறுபடி சுண்ணாம்பு போட்டுச் சரிசெய்வது கட்டுப்படியாகுமா? அந்தச் சாயம் துணியில் ஏற உப்பு வேறு ஏராளமாகப் போடுகிறார்கள். உப்பை உமி எடுக்காது. ஆகவே, "உமி சாயத்தை எடுக்கும்" என்று சொல்பவரிடம் எந்தச் சாயம் என்று கேளுங்கள்.

பத்தமடை, பாய் முடையும் வீடு:
டீச்சர், நாங்க கோரைக்குச் சாயம் காய்ச்சுதோம். அண்டாவுல மிஞ்சுறது கொஞ்சந்தான், ஆனா அதைச் சாக்கடையில ஊத்த மனசு வரல. எல்லாம் கடைசியில தாமிரவருணிக்குத்தான போகுது? ஒரு டிரம்முல அடியில மணல், மேல நல்லா அலசுன தென்னைநார்த் தூள் போட்டு, மெதுவா ஒழுக விட்டோம். மொதல்ல நிறமே இல்லாம வந்துச்சு. நாள் போகப் போக லேசா நிறம் தட்டுச்சு. பொறவு மேல ஊத்துற நிறமே கீழயும் வந்துட்டு. தூளு நெறஞ்சு போச்சுன்னு வெளங்குச்சு. இப்ப அந்தத் தூளை என்ன செய்யன்னுதான் கேக்கேன்.

களக்காடு, வாழை விவசாயி:
அக்கா, வயக்காட்டுக்கு மட்டும் வேண்டாம். நார்த்தூளை மக்க வச்சு உரமாப் போடுறது எங்களுக்குப் பழக்கம். அதை வச்சு, "சும்மாதான தாரோம்"னு ஒருத்தர் சாயம் ஏறுன தூளை ஒரு லோடு கொண்டாந்துட்டாரு. திருப்பி அனுப்பிட்டேன். மண்ணுல மக்குனா அந்தச் சாயம் என்னவா மாறும்னு கேட்டேன், அவருக்குப் பதில் சொல்லத் தெரியல.

திருநெல்வேலி டவுன், முலாம் பட்டறையில் வேலை பார்த்தவர்:
நான் பார்த்தது குரோமியம். முலாம் பூசி அலசுன தண்ணி மஞ்சளா இருக்கும், ஆறாம் நிலைக் குரோமியம், விஷம். அமிலம் சேத்து உமியில போட்டோம், மஞ்சள் போயிட்டு. தொறந்து விட்டுரலாம்னாவ. ஆறாம் நிலைக் குரோமியம் இருந்தா ஊதாவாக் காட்டுற டைபினைல் கார்பசைடு சொட்டு விட்டுப் பார்த்தா, ஊதா ஏறுது! ஆத்துல விட வரம்பு லிட்டருக்கு 0.1 மில்லிகிராம், அதைக் கண்ணால கண்டுபிடிக்க முடியாது. இன்னொண்ணு, உமி எல்லாத்தையும் பிடிச்சு வச்சுக்கிடாது. பாதி வேலை, ஆறாம் நிலையை மூணாம் நிலையா மாத்துறதுதான். அது தண்ணியிலயேதான் கிடக்கும். சுண்ணாம்பு போட்டு பி.எச்.ஸை 8 கிட்ட ஏத்துனாத்தான் அடியில படியும். அந்தச் சகதியையும் பத்திரமா அப்புறப்படுத்தணும்.

பாளையங்கோட்டை, வேதியியல் ஆசிரியை:
களக்காட்டு அண்ணாச்சி செய்தது ரொம்பச் சரி. இன்று புழங்கும் சாயங்களில் பெரும்பகுதி அசோ வகை, அதாவது நைட்ரஜன் இரட்டைப் பிணைப்பு கொண்டவை. காற்றில்லாத இடத்தில் மக்கும்போது அவை அந்தப் பிணைப்பில் உடைந்து அரோமேட்டிக் அமீன்கள் என்ற வேதிப்பொருள்களாகும். அவற்றில் சில புற்றுநோய் வரவழைப்பவை. உமியோ நார்த்தூளோ சாயத்தை அழிப்பதில்லை, தண்ணீரிலிருந்து தன்மேல் மாற்றி வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். ஈயம், செம்பு பிடித்த உமியை நீர்த்த அமிலத்தில் அலசினால் உலோகம் திரும்ப வெளியே வந்துவிடுவதே அதற்குச் சாட்சி.

பத்தமடை அக்காவுக்கு: ஒரே டிரம்முக்குப் பதில் இரண்டை அடுத்தடுத்து வையுங்கள். முதல் டிரம்மில் நிறம் தட்டியதும் அதன் தூளை மாற்றிவிட்டு, அந்த டிரம்மை இரண்டாவதாக வையுங்கள். எடுத்த தூளை சிமெண்ட் தரையில், கூரைக்கு அடியில், மழை படாமல் காயவைத்துச் சாக்கில் கட்டுங்கள். வீட்டு அடுப்பில் எரிக்க வேண்டாம். 1,400 டிகிரிக்கு மேல் எரியும் சிமெண்ட் சூளைகளில் இப்படிப்பட்ட கழிவை எரிக்கும் முறை இருக்கிறது. ஒரு வீட்டுச் சாக்கை அங்கே யாரும் வாங்க மாட்டார்கள். பாய் முடையும் வீடுகள் எல்லாம் சேர்ந்து ஒரே இடத்தில் குவித்துக் கேட்டால் வாங்க வாய்ப்பு உண்டு.