எப்போதாவது முழுக்க மிதித்தால் ஸ்போர்ட்ஸ் கார் இன்ஜினுக்குக் கேடா? இப்போது புதிதாக ஒரு சத்தமும் வருகிறது

புதுச்சாவி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். ஏற்கெனவே ஒருவர் ஓட்டிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை எட்டு மாதங்களுக்கு முன்பு வாங்கினேன். இரண்டு லிட்டர், நான்கு சிலிண்டர், டர்போ, டைரக்ட் இன்ஜெக்‌ஷன், ஆறு கியர் மேனுவல். இதுவரை 41,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. வாங்கிய புதிதில், வாரத்துக்கு ஒருமுறையோ இருமுறையோ, முன்னால் சாலை காலியாக இருக்கும்போது இரண்டாம், மூன்றாம் கியர்களில் 6,500 ஆர்.பி.எம். (இன்ஜின் நிமிடத்துக்குச் சுழலும் சுற்றுகள்) வரை ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதிப்பேன். இதற்கு மேல் சுழற்றக் கூடாது என்று காட்டும் சிவப்புக் கோடு 6,800-இல் தொடங்குகிறது. அப்படி மிதிக்கும் ஒவ்வொரு முறையும் இன்ஜினின் ஆயுள் குறைகிறது என்று உடன் பணிபுரிபவர் ஒருவர் அடித்துச் சொன்னதால், கடந்த இரண்டு மாதங்களாக அந்தப் பழக்கத்தை அறவே விட்டுவிட்டேன். கூடியவரை ஆறாம் கியரிலேயே, ஊசி 2,000-ஐத் தாண்டாமல் ஓட்டுகிறேன்.

இப்படிப் பார்த்துப் பார்த்து ஓட்டத் தொடங்கிய பிறகுதான், முன்னால் போகும் வண்டியைத் தாண்டுவதற்காக மிதிக்கும்போது, தகர டப்பாவுக்குள் கூழாங்கற்களைப் போட்டுக் குலுக்கினாற்போல் இரண்டு மூன்று நொடிகளுக்கு ஒரு சத்தம் கேட்கிறது. எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை. முன்பு மிதித்ததன் பலனைத்தான் இப்போது அனுபவிக்கிறேனா? இன்ஜினைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்குமா?

பழையபிஸ்டன்:

நண்பரே, பிரிப்பதைப் பற்றி இப்போதே யோசிக்க வேண்டாம். முதலில் சில விவரங்கள் தேவை. சத்தம் வரும்போது எந்த கியர், எத்தனை ஆர்.பி.எம்.? என்ன பெட்ரோல் போடுகிறீர்கள், பெட்ரோல் மூடியின் உட்புறத்தில் எந்த ஆக்டேன் (பெட்ரோல் தானாகப் பற்றிவிடாமல் தாங்கும் திறனின் எண்) குறிப்பிடப்பட்டிருக்கிறது? கடைசியாக ஆயில் மாற்றியது எப்போது? முன்பு முழுக்க மிதித்த நாட்களில், வண்டியைக் கிளப்பி எத்தனை நிமிடம் கழித்து மிதித்தீர்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்கு ஒளிவுமறைவின்றிப் பதில் சொல்லுங்கள்.

உங்கள் நண்பர் சொன்னதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. பிஸ்டன் மேலே போய் நின்று, திசை மாறிக் கீழே வர வேண்டும். அதை இழுத்துத் திருப்பும் விசை ஆர்.பி.எம்.-இன் வர்க்கத்தோடு கூடுவதால், 3,250-இல் இருப்பதைப்போல் நான்கு மடங்கு விசையை 6,500-இல், பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடு தாங்குகிறது. ஆனால் சிவப்புக் கோட்டை எங்கே வரைவது என்று தீர்மானிக்கும் பொறியாளர்கள் இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் வரைகிறார்கள். 1999-இல் வந்த ஹோண்டா எஸ்2000-இன் இன்ஜினில் பிஸ்டனின் ஓட்டம் 84 மி.மீ.; 9,000 ஆர்.பி.எம்.-இல் பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 25 மீட்டர். அதே ஓட்டமுள்ள இன்ஜினை 6,500 வரை சுழற்றினால் 18 மீட்டரோடு நின்றுவிடும். சூடேறிய, ஆயில் அளவு சரியாக இருக்கிற இன்ஜினை வாரத்துக்கு இருமுறை சில நொடிகள் அங்கே கொண்டுபோவது அதற்கு ஒரு பொருட்டே அல்ல.

மூன்றாம்கியர்:

இன்னும் ஒரு படி மேலே போய்ச் சொல்கிறேன்: மிதிக்காமல் விட்டதுதான் தவறு. மெதுவாகவே ஓட்டினால் வால்வுகளில் கரி படியும். வாரம் ஒருமுறை சிவப்புக் கோட்டைத் தொட்டு எரித்துவிட வேண்டும். உங்களுக்குக் கேட்பது கரியின் சத்தமாகத்தான் இருக்கும்.

புதுச்சாவி:

பழையபிஸ்டன் ஐயா கேட்டவற்றுக்குப் பதில்: சத்தம் வருவது ஆறாம் கியரில், ஏறக்குறைய 1,500 ஆர்.பி.எம்.-இல். இன்ஜின் துடித்துவிடக் கூடாது என்ற எண்ணத்தில் கியரைக் குறைக்காமல் அப்படியே அழுத்துகிறேன். அதுவும் கிட்டத்தட்ட முழு மிதிதான், ஆனால் ஊசி ஏறுவதில்லை என்பதால் அது இன்ஜினுக்கு இதமானது என்று நினைத்திருந்தேன். மூடியின் உட்புறத்தில் 98 என்று இருக்கிறது. நான் இதுவரை அதைப் படித்ததே இல்லை. சாதாரண பெட்ரோல்தான் போட்டுவருகிறேன். ஆயிலைப் பழைய உரிமையாளர் மாற்றியதோடு சரி. எந்த ஆயில் என்பதற்கான சீட்டு என்னிடம் இல்லை. முன்பு மிதித்த நாட்களில், வெப்ப ஊசி நடுவுக்கு வந்ததும், அதாவது கிளம்பி ஆறேழு நிமிடங்களில், மிதித்துவிடுவேன்.

பட்டறைமேசை:

நான் இன்ஜின் பிரித்துக் கோக்கும் வேலையில் இருப்பவன். இந்தப் பதிலில் விடை முழுவதும் கிடைத்துவிட்டது. இதமானது என்று அவர் நம்பியதுதான் வண்டியை வருத்துகிறது.

1,500 ஆர்.பி.எம்.-இல், உயர்ந்த கியரில் முழுக்க மிதித்தால், டர்போ காற்றைத் திணிக்கிறது; பிஸ்டனோ மெதுவாக நகர்கிறது. அழுத்தமும் வெப்பமும் கூடிய அந்தக் கலவை சிலிண்டருக்குள் நெடுநேரம் நிற்பதால், சுடர் வந்து சேருவதற்கு முன்பே ஒரு மூலையில் தானாகப் பற்றி வெடிக்கிறது. நாம் நாக்கிங் என்று சொல்வது இதைத்தான். கூழாங்கல் சத்தமும் இதுதான். ஆக்டேன் குறைந்த பெட்ரோல் அதற்கு இன்னும் எளிதாக இடம் கொடுக்கிறது. நாக் சென்சார் அதை உணர்ந்து ஸ்பார்க்கைத் தாமதப்படுத்துவதால்தான் இரண்டு மூன்று நொடிகளில் அடங்கிவிடுகிறது. இதே நிலைமையில் இதைவிடக் கொடியது ஒன்று உண்டு: ஸ்பார்க் வருவதற்கு முன்பே கலவை பற்றிக்கொள்ளும் தாழ்வேக முன்பற்றல். அது எப்போதாவதுதான் வரும். ஆனால் வந்தால் சுத்தியலால் ஓங்கி அடித்தாற்போல் ஒற்றை அடியாகக் கேட்கும், பிஸ்டனில் வளையங்களுக்கு இடையிலுள்ள மேட்டையே உடைத்துவிடும். டர்போவும் டைரக்ட் இன்ஜெக்‌ஷனும் சேர்ந்த இன்ஜின்களில் இந்தத் தொல்லை இருப்பதால்தான், 2020-இல் வந்த, அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனத்தின் ஏ.பி.ஐ. எஸ்.பி. என்ற ஆயில் தரத்தில் இதற்கென்றே ஒரு சோதனை இருக்கிறது.

ராடு கிராங்க் தண்டைப் பிடிக்கும் இடத்தில் இரண்டு பாதிகளாக இருக்கும் பேரிங்கைக் கையில் எடுத்துப் பார்த்தால், ஓட்டியவர் எப்படி ஓட்டினார் என்பது ஓரளவுக்குத் தெரிந்துவிடும். எரிப்பின் அழுத்தம் ராடைக் கீழே தள்ளுவதால், தாழ்ந்த ஆர்.பி.எம்.-இல் திணறவிட்ட இன்ஜினில் ராடின் பக்கமுள்ள மேல் பாதி தேய்ந்திருக்கும். சாம்பல் நிறப் பூச்சு போய் நடுவில் செம்பின் நிறம் பளிச்சென்று தெரியும். அளவுக்கு மீறிச் சுழன்ற இன்ஜினில், பிஸ்டன் மேலே பறந்துவிடாமல் இழுத்துப் பிடிக்கும் மூடிப் பக்கத்துக் கீழ் பாதியில் அந்தத் தேய்மானம் தெரியும். நான் எடுத்துப்போட்ட தெருவண்டிகளின் பேரிங்குகளில் மேல் பாதி தேய்ந்தவைதான் அதிகம்.

அடுத்தது அந்த ஆறேழு நிமிடம். நடுவுக்கு வரும் ஊசி காட்டுவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்டின் வெப்பத்தை. ஆயில் அதற்கு வெகுவாகப் பின்தங்கி வருகிறது. 0டபிள்யூ-40 ஆயில் 100 டிகிரியில் இருக்கும் குழைவைவிட 40 டிகிரியில் ஐந்து மடங்குக்கு மேல் கெட்டியாக இருக்கும். கெட்டி ஆயிலை உயர்ந்த ஆர்.பி.எம்.-இல் பம்ப் தள்ளும்போது ஃபில்டரின் பைபாஸ் வால்வு திறந்துகொள்வதால், வடிகட்டாத ஆயிலே பேரிங்குக்குப் போகிறது. அலுமினிய பிஸ்டனும் இன்னும் தன் அளவுக்கு விரிந்திருக்காது. ஆயில் 80 டிகிரியையாவது தாண்டும்வரை காத்திருங்கள். மீட்டர் இல்லையென்றால், ஊசி நடுவுக்கு வந்த பிறகு இன்னும் பத்து நிமிடம் நிதானமாக ஓட்டுங்கள். பி.எம்.டபிள்யூ.வின் எம் வரிசைக் கார்கள் சிலவற்றில், ஆயில் சூடேறச் சூடேற ஆர்.பி.எம். வட்டத்தின் எச்சரிக்கை விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டே போவதும் இதற்காகத்தான்.

மூன்றாம்கியர் சொன்னதில் பாதி பழைய கதை. முன்பெல்லாம் பெட்ரோல் இன்டேக் வால்வின் முதுகில் பட்டு அதைக் கழுவிவிடும். டைரக்ட் இன்ஜெக்‌ஷனில் பெட்ரோல் நேரே சிலிண்டருக்குள் போய்விடுவதால், அந்த வால்வின் முதுகில் படிந்த கரியை எத்தனை முறை மிதித்தாலும் எரிக்க முடியாது. கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டியதுதான்.

மூன்றாம்கியர்:

ஒப்புக்கொள்கிறேன், என்னுடையது வால்வுக்கு முன்னாலேயே பெட்ரோலைத் தெளிக்கும் போர்ட் இன்ஜெக்‌ஷன் வண்டி, அந்த அனுபவத்தில் சொல்லிவிட்டேன்.

பழையபிஸ்டன்:

ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். ஆர்.பி.எம். எல்லை மீறாமல் தடுக்கும் ரெவ் லிமிட்டரால் பெட்ரோலை நிறுத்தத்தான் முடியும். மூன்றிலிருந்து நான்குக்குப் போவதாக நினைத்துக்கொண்டு இரண்டில் தள்ளிவிட்டால், சக்கரமே இன்ஜினைச் சுழற்றிவிடும், லிமிட்டரால் எதுவும் செய்ய இயலாது. முழு மிதியில் மேனுவல் கார் இன்ஜினைக் கொல்லும் நொடி அதுதான், ஆகவே கையை அவசரப்படுத்தாதீர்கள். நின்ற இடத்திலிருந்து கிளட்சை உதறிப் பாய்வதையும் இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அதில் இன்ஜினைவிட கிளட்சும் கியர்பாக்ஸும்தான் அடிவாங்கும்.

புதுச்சாவி:

மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன். டாங்கை ஏறக்குறைய காலியாக்கி 98 நிரப்பினேன். கையேட்டில் உள்ள தரத்திலேயே ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றினேன். மாற்றுவதற்கு முன் அளவுக்குச்சியை எடுத்துப் பார்த்தபோது, ஆயில் கீழ்க்கோட்டுக்கும் ஒரு விரற்கடை கீழே நின்றது. அந்த நிலையில்தான் இத்தனை நாள் ஓட்டியிருக்கிறேன் என்பதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. இப்போது தாண்ட வேண்டுமென்றால் மூன்றாம் அல்லது நான்காம் கியருக்கு இறங்கி, 3,000-க்கு மேல் வந்த பிறகே மிதிக்கிறேன். சத்தம் ஒருமுறைகூட வரவில்லை. நண்பரின் ஸ்கேனரைச் செருகிப் பார்த்தோம்: முன்பு போலவே ஆறாம் கியரில் 1,500-இலிருந்து சோதனைக்காக ஒருமுறை பாதியளவு மிதித்தபோது ஸ்பார்க் 2 டிகிரி பின்வாங்கியது, மூன்றாம் கியரில் 6,500 வரை முழுக்க மிதித்தபோது துளியும் பின்வாங்கவில்லை.

பட்டறைமேசை:

நல்லது. அந்தச் சோதனையை இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கீழ்க்கோட்டுக்குக் கீழே நின்ற ஆயில்தான் எனக்கு உறுத்துகிறது, ஏனென்றால் வேகமாக வளைவில் திரும்பும்போது ஆயில் ஒருபக்கமாக ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சிவிடும். அடுத்த 1,000 கிலோமீட்டருக்கு, ஒவ்வொரு முறை பெட்ரோல் நிரப்பும்போதும் சமதரையில் வண்டியை நிறுத்தி, ஐந்து நிமிடம் பொறுத்து, குச்சியைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். எவ்வளவு குறைகிறது என்பதைக் குறித்துக்கொண்டு வந்து இங்கேயே எழுதுங்கள். டர்போவின் சீலா, பிஸ்டன் வளையமா, அல்லது எட்டு மாதமாகக் குச்சியை யாரும் தொடாததுதானா என்பதை அந்த எண்ணைப் பார்த்த பிறகு பேசுவோம்.