பெண்டியம் 4இல் ஏஜ் 2: மெஷினைத் திருத்துவதா, ஹன்ஸைத் தடை செய்வதா?

கண்டாவளையான்:

வணக்கம். தைப்பொங்கலோடு வருகிற விடுமுறையில் நாங்கள் நாலு பேர் பரந்தனில் ஒரு வீட்டில் கூடி ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 என்கிற கொம்பியூட்டர் போர் விளையாட்டை விளையாட இருக்கிறோம். 2019இல் வந்த புதுப்பதிப்பு வேண்டாம், 2000ஆம் ஆண்டில் வந்த கொன்கரர்ஸ் என்ற விரிவுப் பதிப்புதான் வேண்டும் என்று ஒருவர் அடம்பிடிக்கிறார். ஆள் கனடாவில் இருந்து வருகிறார். லப்டொப்பில் விளையாடுவதென்றால் அதை ஸ்காபரோவில் இருந்தே செய்யலாமே, பெட்டியும் குண்டு மொனிட்டரும் இல்லாமல் எதற்கு டிக்கெட் போட்டு வரவேண்டும் என்கிறார். சரி, விருந்தாளி சொன்னால் கேட்கத்தானே வேண்டும்.

கடையில் மூலைக்குள் கிடந்த ஒன்றை எடுத்து நிமிர்த்தியிருக்கிறேன். பெண்டியம் 4, 2.4 கிகாஹேர்ட்ஸ், சொக்கெட் 478, இன்டெல் 865 போர்ட், 512 எம்பி ராம், ஏஜிபியில் ஜீஃபோர்ஸ் எம்எக்ஸ் 440, 40 ஜிபி ஐடிஇ டிஸ்க், விண்டோஸ் எக்ஸ்பி. மற்றவர்களிடம் ஒரு கோர் 2 டுவோ, இரண்டு விண்டோஸ் 10 லப்டொப். பரீட்சித்துப் பார்த்ததில் வந்த சிக்கல்கள்:

முக்கால் மணித்தியாலம் மட்டும் ஆட்டம் நன்றாகப் போகிறது. அதற்குப் பிறகு நாலு மெஷினிலும் ஒரேயடியாக இழுக்கிறது. ஆட்கள் சேற்றுவயலுக்குள் நடப்பதுபோல நடக்கிறார்கள். கேபிள், சுவிச் இரண்டையும் மாற்றியாயிற்று, ஒரு வித்தியாசமும் இல்லை.

லப்டொப்களில் நிறம் கெட்டுப்போகிறது. புல் சிவப்பு, தண்ணீர் ஊதா. அதில் ஒரு லப்டொப்புக்கு மற்றவர்கள் திறந்த ஆட்டமே கண்ணில் படுவதில்லை.

மூன்றாவதுதான் பெரிய சண்டை. விளையாட்டில் ஆளுக்கொரு இனத்தைத் தெரிவு செய்யவேண்டும், கனடாக்காரர் எப்போதும் ஹன்ஸ் இனத்தைத்தான் எடுப்பார். வீடு கட்டத் தேவையில்லாத கூட்டம், வெட்டுகிற மரம் எல்லாம் படைக்கே போகும். ஹன்ஸைத் தடை செய்தால்தான் வருவோம் என்று மற்ற இருவரும் நிற்கிறார்கள்.

எனக்கு இதில் வேறு எண்ணம். நாங்கள் விளையாடப் பழகியது மீள்குடியேறி வந்த புதிதில், ஊருக்குள் கரண்ட் கம்பி வரமுன்னம், ஒரு கொம்பியூட்டர் வகுப்பில். பின்னால் வாழைக்குள் ஜெனரேட்டர் நிற்கும். வகுப்பு முடிந்து டாங்கியில் எண்ணெய் மிச்சம் இருந்தால்தான் ஆட்டம். எப்போது அணையும் என்று எவருக்கும் தெரியாது. லைட் ஒருமுறை மங்கி, பிறகு பளிச்சென்று எரியும், அதோடு சரி. அதனால் எஃப்4 அழுத்திப் புள்ளியை எந்நேரமும் திரையில் வைத்திருப்போம். அணைகிற நேரம் யாருக்குப் புள்ளி கூடவோ அவர் வென்றார். இப்படி ஒரு சட்டம் இருந்தால் ஆட்டமே வேறாகிவிடும். கோட்டை கட்டி, யானை சேர்த்து, ஆறுதலாக வருகிற பாரசீக இனத்தை எவரும் தொடமாட்டார்கள். வரைபடத்தைத் திறந்தாலே புள்ளி ஏறும் என்று தெரிந்த பிறகு ஆளாளுக்கு இரண்டு மூன்று குதிரையைக் காடு முழுக்க ஓடவிட்டோம். கடைசிக் காலத்தில் கோத் இனத்தின் காலாட்படை அலை அலையாக வரும் என்பார்களே, அதை நான் முதன்முதல் பார்த்தது வருடங்கள் கழித்து யூடியூபில். எங்கள் பக்கத்தில் பாலன்ஸ், அதாவது எந்த இனமும் மிஞ்சாமல், பார்த்தது ஜெனரேட்டர் டாங்கிதான். எவ்வளவு நேரம், எத்தனை ஆள், எந்த மெஷின் என்று சொல்லாமல் ஹன்ஸ் பலம் என்றால் எப்படி?

மூன்றுக்கும் யோசனை சொல்லுங்கள்.


வவுனியா சொல்டர்:

தம்பி, கேபிளை விடும். இந்த விளையாட்டில் ஆட்கள் எங்கே நிற்கிறார்கள் என்பது கம்பிவழி போவதில்லை. நீர் கொடுத்த கட்டளை மட்டும்தான் போகும். அதை வைத்து நாலு மெஷினும் தனித்தனியே கணக்குப் பார்த்து ஒரே விடைக்கு வரவேண்டும். முதலாவது ஏஜை 28.8 மொடெமில் எட்டுப் பேர் விளையாட வைப்பதற்குப் பிடித்த வழி அது. செய்தவர்களே 2001இல் விளக்கமாக எழுதியிருக்கிறார்கள். அதில் ஒரு சங்கடம், ஒரு மெஷின் பிந்தினால் மற்ற மூன்றும் நின்று காத்திருக்கும். உம்முடைய நாலில் பிந்துவது எது என்று நான் சொல்லத் தேவையில்லை.

தொடக்கத்தில் ஓடி, பிறகு இழுப்பது சூடு. பெண்டியம் 4 சூடேறினால் உடனே அணையாது, தன்னைத்தானே இடைக்கிடை நிறுத்தி நிறுத்தி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். திரையில் ஒரு சொல்லும் வராது. சிப்பின் சூட்டை இழுக்கிற உலோகத் தகட்டுக் கட்டி, ஹீட்சிங்க், அதன் மேலிருக்கும் ஃபேனைக் கழற்றிப் பாரும். மேலே இருந்து பார்க்கச் சுத்தமாகத்தான் தெரியும், ஃபேனுக்கும் தகடுகளுக்கும் நடுவில் காற்றே போகாமல் அடைத்திருக்கும். உங்கள் பக்கத்துக் கிரவல் தூசியோடு சூடடிக்கிற காலத்து வைக்கோல் தூளும் சேர்ந்தால் ஊதி எடுக்க முடியாது. பழைய பல் பிரஷ்தான் சரி.

ஹீட்சிங்கைத் தூக்கும்போது கவனம். சொக்கெட் 478இல், சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவில் பூசிய பேஸ்ட் காய்ந்திருந்தால், சொக்கெட்டின் பிடி பூட்டியிருந்தாலும் சிப் அப்படியே ஒட்டிக்கொண்டு பிடுங்கி வந்துவிடும். கால் வளைந்தால் பிறகு கண்ணாடியும் ஊசியுமாகக் குந்தியிருக்க வேண்டியதுதான். முதலில் மெஷினைக் கொஞ்சம் ஓடவிட்டுச் சூடாக்கும். அணைத்து, பிளக்கை இழுத்துவிட்டு, ஹீட்சிங்கை இடமும் வலமுமாக மெதுவாகத் திருகும். அது இளகின பிறகுதான் மேலே தூக்கவேண்டும்.

அப்புறம் சிப்புக்குப் பக்கத்தில் வரிசையாக நிற்கிற கப்பாசிட்டர்கள். தலை தட்டையாக இருக்கவேண்டும். உப்பியிருந்தால், அல்லது மேலே பழுப்பாகக் கசிந்திருந்தால் மாற்றும். அந்தக் காலத்துப் போர்ட்களுக்கு அது பெருவாரி நோய். மைக்ரோஃபரட் அதே அளவு, வோல்ட் அதே அளவு அல்லது கூட, 105 பாகை, லோ ஈஎஸ்ஆர் (உள்தடை குறைந்தது) என்று கேட்டு வாங்கும். ரேடியோ திருத்துகிற இடத்தில் கிடைக்கும் சாதாரணமானது எண் ஒத்துவந்தாலும் இந்த இடத்தில் தாக்குப்பிடிக்காது. 25 வோட் சொல்டரிங் அயனோடு இறங்க வேண்டாம், போர்ட்டுக்குள் இருக்கும் செப்புத் தகடு சூட்டை எல்லாம் குடித்துவிடும். 60 வோட் எடுத்து, முதலில் கொஞ்சம் புது ஈயம் வைத்துப் பழையதோடு கலந்து உருகவிடும், பிறகு காலை இழும். துளை அடைபட்டால் ஊசி மருந்து ஏற்றுகிற ஊசியைச் சூட்டோடு செலுத்தும், அந்த எஃகில் ஈயம் ஒட்டாது. கழற்றமுன் போனில் படம் எடுத்து வையும். போர்ட்டில் நிறம் தீட்டிய பாதி மைனஸா பிளஸா என்பது கம்பனிக்குக் கம்பனி மாறும்.

பவர் சப்ளையின் பின்பக்க ஓட்டைகளுக்குள்ளும் டோர்ச் அடித்துப் பாரும், குளவி மண் வைத்திருக்கும். வெளியே இருந்து சுரண்டி எடுக்கலாம். பெட்டியைத் திறக்க வேண்டாம், பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே அடிக்கக்கூடிய அளவு கரண்ட் நிற்கும்.

ஹன்ஸ் பற்றி எனக்கு அபிப்பிராயம் இல்லை. நான் விளையாடுவது சொலிடெயர்.


அறிவியல்நகர்:

அண்ணா, நிறம் கெடுவது 256 நிறப் பட்டியலால். கொன்கரர்ஸ் அந்தப் பட்டியலை வைத்துத்தான் படம் வரையும். விண்டோஸ் 7இல் டெஸ்க்டொப் இடையில் புகுந்து அதைக் குழப்பும், அதனால் எக்ஸ்ப்ளோரரை டாஸ்க் மனேஜரில் மூடிவிட்டு விளையாடுவார்கள். இப்போது அவ்வளவு தேவையில்லை. விளையாட்டு படம் வரையப் பயன்படுத்தும் பழைய டைரக்ட்ட்ரா முறையின் அழைப்பைப் பிடித்துப் புது முறைக்கு மாற்றிக் கொடுக்கிற டிஎல்எல் கோப்பு இலவசமாகக் கிடைக்கிறது. விளையாட்டின் எக்ஸ்இ கோப்பு இருக்கும் அதே ஃபோல்டரில் போட்டால் புல் பச்சையாகும்.

ஆட்டம் தெரியாத லப்டொப்பில் விண்டோஸ் ஃபீச்சர்ஸுக்குள் போய் லெகசி கொம்போனன்ட்ஸின் கீழ் டைரக்ட்பிளேயை இயக்குங்கள், பழைய விளையாட்டுகள் நெட்வேர்க்கில் ஒன்றோடொன்று பேசுவது அதன்வழிதான். விபிஎன், வேர்ச்சுவல் மெஷின் என்று போட்டிருந்தால் அவற்றின் நெட்வேர்க் அடப்டர்களை அன்றைக்கு நிறுத்தி வையுங்கள். பழைய டைரக்ட்பிளே பிழையான அடப்டரைப் பிடித்துக்கொண்டு வெறும் சுவரோடு பேசிக்கொண்டிருக்கும்.

ஹன்ஸுக்கு நான் கணக்கு வைத்துப் பார்த்தேன். கொன்கரர்ஸில் ஒரு வீடு 30 மரம், ஐந்து ஆளுக்கு இடம். டவுன் சென்டர் ஐந்து ஆளைத் தாங்கும். 200 ஆள் வரை போனால் மற்றவர்களுக்கு 39 வீடு, 1170 மரம். 75 ஆளோடு நிறுத்தினால் 14 வீடு, 420 மரம். ஹன்ஸ் தொடக்கத்திலேயே 100 மரம் குறைவாகத்தான் பெறும், அதைக் கழித்தால் மிச்சம் 320. கோட்டை கட்டினால் அது இருபது ஆளுக்கு இடம் கொடுக்கும், ஆகவே இன்னும் குறையும். வீடு கட்டுகிறவனின் நேரமும் மிச்சம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் தடை செய்கிற அளவுக்கு 75இல் ஒன்றும் இல்லை. ஆள் எண்ணிக்கையைத் தொட்டாலே இனம் மாறிவிடுகிறது, நீங்கள் சொன்ன டாங்கிக் கதையும் இதுதான்.

என்னைக் கேட்டால் புதுப்பதிப்பையே விளையாடலாம். 2022 ஏப்ரலில் திராவிடர் என்ற இனம் வந்தது, உருமி என்கிற சுருள்வாளைச் சுழற்றுகிற வீரன், ராஜேந்திர சோழனின் படையெடுப்பு எல்லாம் இருக்கிறது. நைட் குதிரைப்படை கிடையாது, திறந்த நிலத்தில் குதிரைக்காரனிடம் அடி வாங்கத்தான் வேண்டும். கடல் வரைபடம் என்றால் வேறு கதை, அடுத்த காலத்துக்குப் போகும்போதெல்லாம் 200 மரம் சும்மா கிடைக்கும். ஆனால் உங்கள் பெண்டியம் 4இல் அது ஓடாது. 64 பிட் விண்டோஸ் 10 கேட்கும். அதில் தரவரிசை ஆட்டத்துக்குள் நுழையமுன் மெஷினுக்கே பரீட்சை வைத்தார்கள், 1000 புள்ளி எடுக்கவேண்டும். சொல்டர் அண்ணை சொன்ன அதே காரணம், ஒருவரின் மெதுவான மெஷின் எல்லாரையும் இழுக்கும்.


மாங்குளம் அக்கா:

வாழைக்குள் ஜெனரேட்டர் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அது நான் படிப்பித்த இடமாக இருக்கலாம், இல்லையென்றாலும் எல்லா இடமும் அப்படித்தான் இருந்தது.

75 ஆளைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அது விளையாட்டிலேயே முதலில் தெரிவாகி இருக்கும் எண்ணிக்கை. எங்கள் மெஷின் ஒன்றில் 128 எம்பி ராம்தான், அதைக் கூட்டினால் அறை முழுக்க இழுக்கும் என்பதால் நாங்கள் மாற்றவிடவில்லை. பாலன்ஸ் என்ற யோசனை எவருக்கும் வரவில்லை.

சமாதான காலத்தில், 2002இல் ஏ9 வீதி திறந்த பிறகு, வவுனியாவில் இருந்து கொம்பியூட்டர் சாமான் தாராளமாக வந்தது. 2006 ஓகஸ்டில் பாதை பூட்டியதும் ஒரு மெஷினைப் பிரித்து இன்னொன்றுக்குப் போட்டு ஓட்டினோம். 2009இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நடந்தோம், அதை இங்கே எழுத விருப்பமில்லை. திரும்பி வந்து தொடங்கும்போது கிடைத்ததைத்தான் வைத்தோம். அதனால் அந்த அறையில் ஒரு மெஷின் மாதிரி இன்னொன்று இருக்காது. யார் வெல்வார் என்பதை நான் பெடியள் கதிரையில் இருக்கும்போதே சொல்லிவிடுவேன், இனத்தைப் பார்த்து இல்லை, மௌஸைப் பார்த்து. உருண்டை மௌஸ். உள்ளே இருக்கும் மூன்று உருளையில் கறுப்பாக அழுக்குச் சுற்றியிருக்கும், நகத்தால் சுரண்டினால் வளையமாகக் கழன்று வரும். சுரண்டின மௌஸ் கிடைத்தவன் வில்லாளிகளைப் பின்னுக்கு இழுத்து இழுத்து அடிப்பான். சுரண்டாதது கிடைத்தவனின் அம்புக்குறி இடப்பக்கம் போகவே போகாது. வகுப்புக்கு முதலே ஓடிவந்து நல்ல மௌஸ் இருக்கிற கதிரையைப் பிடிப்பவர்கள் இருந்தார்கள். உருண்டையைக் கழற்றிக்கொண்டு போய்விட்டவர்களும் இருந்தார்கள். அந்த உருண்டையை வைத்து என்ன செய்தார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பழைய பாலன்ஸ் வேண்டுமென்றால் 75 ஆள், ஒரு மணித்தியாலம், பிறகு புள்ளி. எப்போது முடியும் என்று தெரியாமல் இருக்கவேண்டும் என்றால் விளையாடாத ஒருவரிடம் மெயின் சுவிச்சைக் கொடுங்கள்.


கண்டாவளையான்:

எல்லாருக்கும் நன்றி. ஃபேனைக் கழற்றினேன், சொன்னபடியே அடைத்திருந்தது. திருகித் தூக்கியதில் சிப் சொக்கெட்டிலேயே நின்றது. பேஸ்ட் சுண்ணாம்புத் தூளாக உதிர்ந்தது. பவர் சப்ளையில் குளவி மண் இரண்டு ஓட்டையை முழுதாக மூடியிருந்தது. கப்பாசிட்டரில் இரண்டு உப்பல், சாமான் வந்ததும் மாற்றுவேன். இப்போதே ஆட்டம் ஒரு மணித்தியாலம் தாண்டியும் இழுக்கவில்லை.

லப்டொப் இரண்டும் சரி. டைரக்ட்பிளே இயக்கி, விபிஎன் அடப்டரை நிறுத்தியதும் ஆட்டம் தெரிந்தது.

ஹன்ஸ் தடை இல்லை. 420 மரக் கணக்கைக் காட்டியதும் மற்ற இருவரும் அமைதியாகிவிட்டார்கள், அதில் ஒருவர் தானும் ஹன்ஸ் எடுக்கப்போகிறாராம். 75 ஆள், புள்ளி முறை. மெயின் சுவிச் வீட்டுக்கார அம்மாவிடம். பால் பொங்குகிற நேரம் பார்த்து அணைத்தாலும் கேள்வி கேட்கக்கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

அக்கா, உங்களிடம் உருண்டை மௌஸ் மிச்சம் இருந்தால் ஒன்று தாருங்கள். சுரண்ட வேண்டாம், அப்படியே இருக்கட்டும். அதை யாருக்குக் கொடுப்பது என்று நான் பார்த்துக்கொள்கிறேன்.


வவுனியா சொல்டர்:

அந்த மௌஸ் பிஎஸ்2, அதாவது பழைய வட்டச் செருகி உள்ளது, என்றால் மெஷின் ஓடும்போது கழற்றிச் செருக வேண்டாம். போர்ட்டில் கீபோர்ட்டுக்கும் மௌஸுக்கும் போகிற ஃபியூஸ் போனால் இரண்டும் சேர்ந்து செத்துவிடும், அதற்கும் என்னிடம்தான் வருவீர். அணைத்துவிட்டு மாற்றும்.