மறுமொழி: ஹேண்டோவர்: கைமாற்றமா, கையளிப்பா, பிடிமாற்றமா?

அனைவருக்கும் வணக்கம்.

செல்போனில் பேசிக்கொண்டே நகரும்போது இணைப்பு ஒரு செல்லிலிருந்து (ஓர் ஆன்டெனா சிக்னல் தரும் பரப்பு) இன்னொன்றுக்கு மாறுவதை ஆங்கிலத்தில் ஹேண்டோவர் என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல் வைப்பது என்று கேட்ட இந்த இழையை மேலிருந்து கீழாக இப்போதுதான் படித்து முடித்தேன். ஆளுக்கொரு மடல் போட்டால் இன்னும் சிக்கலாகும் என்பதால் எல்லாருக்கும் சேர்த்து இங்கேயே எழுதுகிறேன்.

> பேசிக்கொண்டே போகும்போது ஒரு டவர் அழைப்பை அடுத்த டவரிடம் கொடுக்கிறது. "கைமாற்றம்" என்று வைத்தால் நேராகப் புரியும். இதற்கு மேல் என்ன விவாதம்?

ஐயா, உங்கள் கோவைப் பக்கம் ஒருவர் "அவசரமா ஒரு கைமாத்து வேணுங்க" என்றால் என்ன கேட்கிறார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வட்டியில்லாத சில்லறைக் கடன் அந்தச் சொல்லுக்குப் பட்டா போட்டு உட்கார்ந்திருக்கிறது. மாற்று வேறு, மாற்றம் வேறு என்பீர்கள். பேச்சில் அந்த வேறுபாடு நிற்காது. "நேற்று இரவு கைமாற்றத் தோல்வி அதிகம்" என்று பராமரிப்பு அறிக்கையில் எழுதிப் பாருங்கள், யாரோ கடனைத் திருப்பவில்லை என்றுதான் படும். "நிலம் கைமாறியது" என்ற வழக்கு வேறு இருக்கிறது. அங்கே விற்றவருக்கு அதோடு வேலை முடிந்தது. ஹேண்டோவரில் எப்போதும் அப்படி முடிவதில்லை, கீழே வருகிறேன்.

"டவர்" என்பதும் இடிக்கிறது. இழையின் நடுவில் வந்த "கோபுரமாற்றம்" இதனாலேயே விழுந்துவிடும். ஒரு டவரின் உச்சியில் பெரும்பாலும் மூன்று திசை பார்த்த ஆன்டெனாக்கள் இருக்கும், ஒவ்வொன்றின் பங்கு 120 பாகை, ஒவ்வொன்றும் தனி செல். டவரைச் சுற்றி ஒரு நடை நடந்தாலே பேச்சு செல் விட்டு செல் போகும், டவர் அதேதான். 4ஜிக்குள்ளேயே ஓர் அலைவரிசையிலிருந்து இன்னொன்றுக்குப் போவதும் ஹேண்டோவர்தான், பேச்சு நடுவே 4ஜியிலிருந்து 3ஜிக்கு இறங்குவதும் ஹேண்டோவர்தான்.

> எங்கட பக்கம் "கையளிப்பு" என்று சொன்னால் எல்லாருக்கும் விளங்கும். பத்திரிகையிலும் அதைத்தான் போடுவினம். ஏன் புதுச்சொல் தேடுறீங்கள்?

யாழ்ப்பாணத்து அன்பருக்கு: சொல்லில் எனக்குக் குறையே இல்லை. காணி கையளிப்பு, ஆவணக் கையளிப்பு என்று படிக்கும்போது தமிழ்நாட்டவருக்கும் தடையின்றிப் புரிகிறது. ஷிப்ட் முடிந்து போகிறவர் அடுத்தவரிடம் பொறுப்பை விட்டுப்போகும் ஹேண்டோவருக்கு அதையே வைக்கலாம் என்பேன். ஆனால் கையளிப்பு என்றால் கொடுப்பவர் ஒருவர், வாங்குபவர் ஒருவர், கொடுக்கிற கணம் ஒன்று. வானலையில் நடப்பது இந்த வரிசையில் அடங்குவதில்லை.

டிரைவ் டெஸ்ட், அதாவது காரில் போய்க்கொண்டே சிக்னலை அளக்கும் சோதனை, போனவர்கள் இதைக் கண்ணால் பார்த்திருப்பார்கள். காரின் பின்சீட்டில் மடிக்கணினி, அதில் செருகிய சோதனை போன், டாஷ்போர்டில் ஜிபிஎஸ். திரையில் இரண்டு கோடுகள் ஓடும்: ஒன்று இப்போது பேச்சைத் தாங்கும் செல்லின் வலிமை, மற்றது பக்கத்து செல்லின் வலிமை. செங்கல்பட்டு தாண்டித் தெற்கே போகப்போக முதல் கோடு சரியும், இரண்டாவது ஏறும். இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் ஏதோ நடக்கும் என்று புதிதாக வந்தவர் காத்திருப்பார். ஒன்றும் நடக்காது. புதியது பழையதைவிட இரண்டு மூன்று டெசிபெல் (சிக்னல் வலிமையை ஒப்பிடும் அலகு) கூடி, அந்த நிலை சற்று நீடித்த பிறகுதான் நெட்வொர்க்கிலிருந்து கட்டளை வரும். அதுவரை போனின் வேலை அளந்து அளந்து சொல்வது மட்டுமே. 2ஜி முறையான ஜிஎஸ்எம்மில் நொடிக்கு இரண்டு தடவை, பக்கத்து செல்களில் வலுவான ஆறு வரை, அறிக்கை மேலே போய்க்கொண்டிருக்கும். முடிவெடுப்பது நெட்வொர்க்.

வேண்டுமென்றே வைத்த அந்த இடைவெளிக்குப் புதுச்சொல் தேட வேண்டாம். பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் காந்தவியல் பாடம் ஹிஸ்டெரிசிஸுக்குச் சொல்லும் "தயக்கம்" அச்சாகப் பொருந்துகிறது. தயக்கத்தைக் குறைத்தால், இரண்டு செல்லுக்கு நடுவில் வீடு கட்டியவரின் போன் உட்கார்ந்த இடத்திலேயே இங்கும் அங்கும் போய்வந்துகொண்டிருக்கும். கூட்டினால், கட்டளை வருவதற்குள் பழைய சிக்னல் செத்து, பேச்சு அறுந்துவிடும். நெடுஞ்சாலைக்கும் குடியிருப்புப் பகுதிக்கும் ஒரே தயக்கம் ஒத்துவராது.

இந்தத் தலைவலி எல்லாம் செல் என்ற யோசனையோடு கூடப் பிறந்தது. 1946இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் வந்த கார் போனில் ஊர் முழுவதற்கும் ஒரே பெரிய டிரான்ஸ்மிட்டர். எல்லை தாண்டினால் பேச்சு போச்சு, அவ்வளவுதான். அடுத்த ஆண்டே அந்நாட்டின் பெல் தொலைபேசி ஆய்வகத்தில் டக்ளஸ் ரிங் சிறுசிறு செல்களாகப் பிரிக்கும் யோசனையை எழுதிவிட்டார். ஓடும் காரின் பேச்சைச் செல் விட்டுச் செல் கொண்டுபோகும் ஏற்பாட்டுக்கு அதே ஆய்வகத்தின் ஏமஸ் ஜோயல் காப்புரிமை பெற்றது 1972இல்.

இனி "கொடுப்பது" என்ற கற்பனை எங்கே உடைகிறது என்று பார்ப்போம். ஜிஎஸ்எம்மில் பக்கத்து செல்கள் வேறு வேறு அலைவெண்ணில் பேசுகின்றன. போன் பழையதை விட்டு, புதியதற்குத் திருப்பி, பிறகு பிடிக்க வேண்டும். 4ஜியிலும் விட்ட பிறகுதான் பிடிப்பது. இடைவெளி சுமார் 50 மில்லிநொடிதான் என்பதால் காதுக்குத் தெரிவதில்லை. சிடிஎம்ஏ என்ற இன்னொரு செல்போன் முறையில் கதை வேறு. ரிலையன்ஸும் டாடா இண்டிகாமும் விற்ற அந்தக் கால சிடிஎம்ஏ போன்கள் நினைவிருக்கும். அங்கே பக்கத்து செல்களும் ஒரே அலைவெண்ணில் பேசலாம் என்பதால், எல்லைப் பகுதியில் போன் இரண்டு மூன்று செல்களோடு ஒரே நேரத்தில் பேசும். புதியது உறுதியான பிறகே பழையது விலகும். சாமி புறப்பாட்டில் பல்லக்கைக் கீழே வைக்காமல் ஆள் மாறுவார்களே, புதியவர் தோள் கொடுத்த பிறகுதான் பழையவர் தோளை எடுப்பார், அப்படி. செல்போன் தரப்பாடுகளை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பு 5ஜிக்கு வெளியிட்ட ரிலீஸ் 16இலும் இதே நோக்கில், பழைய இணைப்பை விடாமல் புதியதைப் பிடிக்கும் முறை ஒன்று வந்திருக்கிறது. இதில் யார் யாரிடம் எதைக் "கையளித்தார்"?

என் முன்மொழிவு: பிடிமாற்றம்.

காரணம் ரொம்ப எளிது. "இங்க டவர் பிடிக்கல", "மாடிக்குப் போனா சிக்னல் நல்லாப் புடிக்கும்" என்று ஊரே பேசுகிறது. வினைச்சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கும்போது அதைத் தாண்டிப் போய்ப் பெயர்ச்சொல் தேடுவானேன்? பிடித்திருப்பதை மாற்றினால் பிடிமாற்றம். யார் எவரிடம் கொடுத்தார் என்ற கேள்வியே அதில் எழாது. டவரா, செல்லா, அலைவரிசையா, 4ஜியா 3ஜியா என்ற எதுவும் சொல்லுக்குள் பூட்டப்படவில்லை.

அதோடு வேர் கிளை விடுகிறது. விட்ட பின் பிடிப்பதை விட்டுப்பிடி மாற்றம் எனலாம். "பிள்ளையை விட்டுத்தான் பிடிக்கணும்" என்று சொல்லிப் பழகிய நாக்குக்கு அது புதிதில்லை. பிடித்த பின் விடுவதற்கு "பிடித்துவிடல்" என்று வைத்தால் பாட்டிக்குக் கால் அமுக்குவது போலாகிவிடும், ஆகவே இருபிடி மாற்றம். செல் மாறும்போது பேச்சு அறுந்தால் பிடிநழுவல்.

> வை-ஃபை பக்கம் இதையே ரோமிங் என்கிறார்களே? அலுவலகங்களுக்கு எழுதும் கையேட்டில் நான் எந்தச் சொல்லைப் போடுவது?

நல்ல கேள்வி தங்கச்சி. விற்பவர்கள் ரோமிங் என்றாலும், நடப்பது செல்போன் ரோமிங் இல்லை. ஒரே வலையில் ஓர் ஆக்சஸ் பாயிண்டிலிருந்து (வை-ஃபை சிக்னல் தரும் பெட்டி) இன்னொன்றுக்குப் போவது. ஒரு முக்கிய வேறுபாடு: வை-ஃபையில் முடிவெடுப்பது கருவி. 802.11வி என்ற வை-ஃபை தரப்பாட்டில் ஆக்சஸ் பாயிண்ட் "அந்தப் பக்கம் போயேன்" என்று பரிந்துரைக்கலாம், கேட்பதும் கேட்காததும் கருவியின் இஷ்டம். இங்கே தமிழ் நமக்கு ஓர் உதவி செய்கிறது. பேச்சில் இருக்கும் போனை நெட்வொர்க் பிடிமாற்றுகிறது. வை-ஃபைக் கருவி தானே பிடிமாறுகிறது. பையில் சும்மா கிடக்கும் செல்போனும், அழைப்பு எதுவும் இல்லாதபோது, தானேதான் செல்லைத் தெரிந்து பிடிமாறும். மாற்று, மாறு என்ற இணையை வைத்தே இந்த நுட்பத்தைக் காட்டிவிடலாம்.

ஒரு கிடங்கில் பார்த்ததைச் சொல்கிறேன். கையில் ஸ்கேனரோடு சரக்கு எடுக்கும் பையன் ஒருவன், "சார், இந்த ரேக்கத் தாண்டுனா சுத்திக்கிட்டே நிக்குது" என்றான். அண்ணாந்து பார்த்தால் அவன் தலைக்கு மேலேயே புது ஆக்சஸ் பாயிண்ட் பச்சை விளக்கோடு இருக்கிறது. ஸ்கேனரோ லாரி நிற்கும் வாசல் பக்கத்தில் காலையில் பிடித்ததையே பிடித்துக்கொண்டிருக்கிறது. அவனாகக் கண்டுபிடித்த வைத்தியம், ஒவ்வொரு தடவையும் வை-ஃபையை அணைத்துப் போடுவது. ஆக்சஸ் பாயிண்டுகளின் சிக்னல் வலிமையைக் குறைத்து, நொடிக்கு ஒன்று, இரண்டு மெகாபிட் என்ற பழைய மெதுவேகங்களையும் நிறுத்திய பிறகு ஸ்கேனர் வழிக்கு வந்தது. தூரத்து இணைப்பு தாக்குப்பிடிக்காது என்றால்தான் அது கையை விடுகிறது. இப்படிப்பட்ட கருவிக்கு ஆங்கிலத்தில் ஒட்டிக்கொள்ளும் கிளையண்ட் (வலையில் இணையும் கருவி) என்ற பொருளில் ஒரு பெயர். நமக்கு அந்த ஒட்டு வேண்டாம். விடாப்பிடிக் கருவி என்றால் பையனுக்கும் புரியும், அவன் முதலாளிக்கும் புரியும்.

> பிடி என்றால் பெண் யானை, பிடி சோறு, பிடியாணை. குழப்பம் வராதா?

வராது என்பது என் எண்ணம். பிடியாணையைப் படித்துவிட்டு யாரும் யானையைத் தேடுவதில்லை. கைமாற்றில் உள்ள சிக்கல் வேறு வகை: கடன் என்ற பொருள் அன்றாடம் புழங்குவது, அதே "இவரிடமிருந்து அவருக்கு" என்ற அமைப்பில் வருவது. ஆகவே வாசகன் அந்தப் பக்கம் சாய்வான். இன்னொருவர் சொன்ன "செல்தாவல்" எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் உலாவியில் டேப் தாவலாகிவிட்டது, அலைவெண் தாவல் என்று ஒரு தனி நுட்பமும் இருக்கிறது. மூன்றாவதாக இதையும் அதன் தலையில் ஏற்ற வேண்டாம்.

கலம், சிற்றறை, கண்ணறை என்று செல்லுக்கே நடக்கும் சண்டையில் நான் இறங்கவில்லை. இலங்கைப் பாடநூலில் கலம் உயிரியலுக்குப் போய்விட்டது, மின்கலமும் இருக்கிறது. செல் என்றே இருக்கட்டும்.

கலைச்சொல் பட்டியலில் ஏற்றுவதற்கு முன் வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்:

"ரயில் வேகமெடுத்ததும் பிடிமாற்றங்கள் அடுத்தடுத்து வருகின்றன."
"தயக்கம் அதிகமாக இருந்ததால் பிடிநழுவல் கூடியது."
"இந்த மாடல் போன் வை-ஃபையில் சீக்கிரம் பிடிமாறுவதில்லை."

கடைசி வாக்கியம் மட்டும் எனக்குச் சற்று விறைப்பாகத் தெரிகிறது. யாருக்காவது நல்ல மாற்று தோன்றினால் எழுதுங்கள்.

மேலே சொன்ன, இங்கும் அங்கும் போய்வரும் அந்த நோய்க்கும் பெயர் வேண்டும். ஊசலாட்டம் இயற்பியலோடு மோதும். "அலைக்கழிப்பு" என்று ஒரு யோசனை, அலை தானாகவே உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. "அல்லாட்டம்" என்றும் வைக்கலாம். எது என்று குழு சொல்லட்டும்.

பி.கு.: செல்போன் ரோமிங்கை இந்த இழைக்குள் இழுக்க வேண்டாம். அது அடுத்த நிறுவனத்தின் வலையில் உங்கள் சிம் விருந்தாளியாக இருப்பது. யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்ற கணக்கும் கூடவே வரும். தனி இழை தொடங்கினால் வருகிறேன்.