டிக்கட் வெட்டுமுன் ஒரு தடுப்பூசி: மருத்துவமனை விடுதியிலா, கிளினிக்கிலா?

வெள்ளவத்தை வாசகர்:
பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடுவதில் இலங்கையைக் குறை சொல்ல அதிகம் இல்லை. 1993இற்குப் பின் இங்கே போலியோ இல்லை. 2019இல் சின்னமுத்து ஒழிக்கப்பட்ட நாடாக உலக சுகாதார நிறுவனம் நம்மை ஏற்றுக்கொண்டது. வளர்ந்தோரின் நிலை வேறு. இருதயம் பலவீனமானவரும், நீண்டகால நீரிழிவு உள்ளவரும், நுரையீரல் நோயால் மூச்சுவாங்குபவரும் கொழும்பு மருத்துவமனைகளில் நாட்கணக்கில் தங்கிச் சிகிச்சை பெற்று, பை நிறைய மாத்திரைகளுடன் வீடு திரும்புகிறார்கள். இன்ஃபுளுவென்சா (சளிக்காய்ச்சல்), நியூமோகொக்கஸ் (நிமோனியாவை உண்டாக்கும் கிருமி) தடுப்பூசிகளைப் பற்றி அவர்களிடம் எவரும் கேட்பதில்லை. டிக்கட் வெட்டுமுன், அதாவது நோயாளியை வீட்டுக்கு அனுப்புமுன், தகுதியுள்ள ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டும் என்றும், வைத்தியரின் தனித்தனி உத்தரவுக்காகக் காத்திராமல், எழுதிவைத்த பொது நெறிமுறையின்படி தாதியரே ஊசியைப் போடலாம் என்றும் விதிக்க வேண்டும்.

மருதானை மருந்தாளர் (ஓய்வு):
நோக்கம் நல்லது, இடம் தவறு. கட்டிலுக்குக் கட்டில் நெருக்கமாக இருக்கும் விடுதியில், டெங்குக் காலத்தில், ஊசி போட்ட மறுநாள் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் அது ஊசியால் வந்ததா, நோயால் வந்ததா என்று யார் பிரித்தறிவது? இரத்தப் பரிசோதனை, இன்னுமொரு நாள் கட்டில் என்று அது நீளும். அதே நோயாளி மாதந்தோறும் கிளினிக் கொப்பியுடன் வரத்தான் போகிறார்; அங்கே போடட்டும். அதைவிடப் பெரிய கேள்வி பணம். வளர்ந்தோருக்கான இன்ஃபுளுவென்சா ஊசியை இன்று பெரும்பாலோர் தனியாரிடம் காசு கொடுத்தே பெறுகிறார்கள்.

விடுதித் தாதி:
ஐயா, காலையில் கிளினிக்கில் நிற்கும் கூட்டத்தையும் நீங்கள் கண்டிருப்பீர்கள். அங்கே ஒரு நோயாளிக்குக் கிடைக்கும் சில நிமிடங்கள் மாத்திரையைப் புதுப்பிக்கவே போதாது. கடுமையான காய்ச்சல் உள்ளவருக்கு ஊசியைத் தள்ளிப்போடுவது சரிதான், ஆனால் தேறி வீடு செல்லும் ஒருவருக்கு அந்தத் தடை இல்லை. 2021இல் வெளியான ஓர் ஆய்வைப் பாருங்கள். பங்களாதேஷ் உட்பட எட்டு நாடுகளில், பெரும்பாலும் மாரடைப்புடன் வந்த இரண்டாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்டோருக்கு, மருத்துவமனையில் இருக்கும்போதே இன்ஃபுளுவென்சா ஊசியோ வெறும் உப்புநீரோ போட்டார்கள். ஓராண்டுக்குள் இறந்தோர் உப்புநீர் பெற்றவர்களில் 4.9 வீதம், தடுப்பூசி பெற்றவர்களில் 2.9 வீதம்.

பொது நெறிமுறை பற்றியும் சொல்ல வேண்டும். 2004இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், கணினி வைத்தியருக்கு நினைவூட்டிய பிரிவில் தகுதியுள்ளோரில் 30 வீதமானோர் இன்ஃபுளுவென்சா ஊசி பெற்றார்கள். தாதியருக்கே நேரடியாக உத்தரவு சென்ற பிரிவில் 42 வீதமானோர் பெற்றார்கள். வைத்தியர்கள் அக்கறையற்றவர்கள் என்பதல்ல காரணம்: டிக்கட் வெட்டும் வேளையில் அவர்களின் கவனம் முழுவதும் வந்த நோயின்மேல் இருக்கிறது.

மருதானை மருந்தாளர் (ஓய்வு):
அந்த இருதய ஆய்வு கொவிட் காரணமாகத் திட்டமிட்ட எண்ணிக்கையை எட்டுமுன்பே நிறுத்தப்பட்டது என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். அதில் ஊசி இலவசம். அமெரிக்க உதாரணத்திலும் கணினியும் கையிருப்பும் இருந்தும் பாதிக்கு மேற்பட்டோர் ஊசி பெறவில்லை. இங்கே விடுதிக் குளிரூட்டியில் என்ன இருக்கும்? இரண்டு முதல் எட்டு பாகை செல்சியஸுக்குள் வைத்திருக்க வேண்டிய மருந்தை, மின்சாரம் போய்வரும் இடத்தில் யார் பொறுப்பேற்பது?

கொட்டாஞ்சேனை மகள்:
இருவரும் தொடாத ஒன்று உண்டு. அரச மருத்துவமனை ஒன்றில் என் தாயாரிடம் சிங்களத்தில் மட்டும் அச்சிட்ட சம்மதப் படிவத்தை நீட்டினார்கள். அவர் வாசிக்க இயலாமல் கையொப்பமிட்டார். பயந்த நோயாளி, புரியாத ஊசி, "வேண்டாம்" என்ற பதில் — இதை மறுப்பு என்று பதிவேட்டில் எழுதிவிட்டு மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்பார்கள். நாய் கடித்து வருபவர் தயங்காமல் ஊசி போட்டுக்கொள்கிறாரே, அவருக்கு ஏன் என்பது விளங்கியிருக்கிறது.

விடுதித் தாதி:
அக்கா சொல்வது உண்மை. தமிழ்ப் படிவம் இல்லாவிட்டால் நான் வாய்மொழியாக விளக்குவேன், ஆனால் இரவுக் கடமையில் தமிழ் தெரிந்தவர் எப்போதும் இருப்பதில்லை.

வெள்ளவத்தை வாசகர்:
மருந்தாளர் ஐயாவின் பணக் கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆயினும் எல்லோருக்கும் ஒரே நாளில் தொடங்க வேண்டியதில்லை. குருதிச் சுத்திகரிப்புக்கு வருவோருக்கு ஹெப்படைட்டிஸ் பி ஊசியும், மண்ணீரல் அகற்றப்படுவோருக்கு நியூமோகொக்கஸ், மெனிங்கோகொக்கஸ் (மூளையுறை அழற்சியை உண்டாக்கும் கிருமி) ஊசிகளும் தவறவே கூடாதவை. திட்டமிட்ட சத்திரசிகிச்சையாயின் இரண்டு வாரங்களுக்கு முன்பே இவற்றைப் போட வேண்டும். இந்தச் சிறு தொகையினருக்கான மருந்தை வாங்க முடியாத அளவுக்கு எந்த மருத்துவமனையும் வறுமையில் இல்லை.

மருதானை மருந்தாளர் (ஓய்வு):
அந்த இரு பிரிவினரைப் பற்றி உங்களுடன் எனக்கு வழக்கில்லை. ஆனால் போட்ட ஊசியையும் திகதியையும் வீடு செல்லும்போது கொடுக்கும் டயக்னோசிஸ் கார்டிலும் கிளினிக் கொப்பியிலும் ஒருங்கே எழுதும் ஒழுங்கு வரும்வரை, மற்ற விடுதிகளுக்கு இதை விரிப்பதை நான் எதிர்ப்பேன். பிள்ளைகளுக்குச் சுகாதார விருத்திப் பதிவேடு இருக்கிறது, ஐம்பது வயதானவருக்கு என்ன இருக்கிறது?