பிளாக்ஜாக் அட்டவணைப்படி ஆடியும் அதிகமாக இழக்கிறேன், எங்கே தவறுகிறது?

பொருநைச்செல்வன்:

அனைவருக்கும் வணக்கம். அலுவலக மாநாட்டிற்காக லாஸ் வேகாஸ் சென்றிருந்தபோது, கையில் உள்ள சீட்டுகளுக்கு ஏற்ப என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் அடிப்படை உத்தி அட்டவணையை நன்றாக மனப்பாடம் செய்துகொண்டு, 15 டாலர் மேசையில் இரண்டு மணி நேரம் பிளாக்ஜாக் (21-ஐத் தாண்டாமல் டீலரைவிடக் கூடுதல் மதிப்பைச் சேர்க்க வேண்டிய சீட்டாட்டம்) ஆடினேன். இந்த அட்டவணையின்படி ஆடினால் சூதாட்டக்கூடத்தின் ஆதாயம் ஏறக்குறைய அரை சதவீதமாகக் குறையும் என்று படித்திருந்தேன். ஆனால் 300 டாலர் போய்விட்டது. அட்டவணையை மீறி ஒரு கையைக்கூட ஆடியதாக எனக்கு நினைவில்லை.

குறிப்பாக மூன்று இடங்களில் எனக்கு ஐயம் இருக்கிறது. என்னிடம் 16 இருந்து, டீலர் (கூடத்தின் சார்பில் சீட்டுப் போட்டு ஆடுபவர்) 10 காட்டும்போது இன்னொரு சீட்டு வாங்கச் சொல்கிறது அட்டவணை. வாங்கினால் பெரும்பாலும் 21-ஐத் தாண்டிவிடுகிறது. ஏஸும் 7-உம் சேர்ந்து 18 இருக்கும்போது, டீலரின் 9-க்கு எதிராக அதைக் கலைத்துச் சீட்டு வாங்குவது ஏன் என்று விளங்கவில்லை. டீலர் ஏஸ் காட்டும்போது இன்சூரன்ஸ் (டீலரின் மறைந்த சீட்டு 10 மதிப்புள்ளது என்று வைக்கும் தனிப் பந்தயம்) எடுக்கக் கூடாது என்பது எல்லா நேரத்திற்கும் பொருந்துமா? போதாக்குறைக்கு, கடைசி இருக்கையில் இருந்த நான் 16-க்குச் சீட்டு வாங்கியதும், டீலரைக் கவிழ்த்திருக்கக்கூடிய, அதாவது 21-ஐத் தாண்ட வைத்திருக்கக்கூடிய, சீட்டை நான் எடுத்துவிட்டதாகப் பக்கத்து இருக்கைக்காரர் கோபித்துக்கொண்டார். விரைவில் மீண்டும் அங்கே செல்ல வேண்டியிருப்பதால், விவரம் தெரிந்தவர்கள் வழிகாட்டும்படி கேட்டுக்கொள்கிறேன்.

எண்ணும்எழுத்தும்:

நண்பரே, நீங்கள் ஆடிய விதத்தைப் பார்ப்பதற்கு முன் மேசையைப் பார்க்க வேண்டும். மேசைத் துணியில் அச்சிட்டிருந்த இரண்டு வரிகள் நினைவிருக்கின்றனவா? பிளாக்ஜாக் விழுந்தால், அதாவது முதல் இரண்டு சீட்டுகளே ஏஸும் 10 மதிப்புள்ள சீட்டுமாக வந்தால், என்ன விகிதத்தில் பணம் தருவார்கள் என்பது ஒன்று. ஏஸை 11 என்று கணக்கிட்டு வரும் 17-இல், அதாவது சாஃப்ட் 17-இல், டீலர் நிற்பாரா அல்லது சீட்டு எடுப்பாரா என்பது மற்றொன்று. எத்தனை சீட்டுக்கட்டுகள் என்பதையும் சொல்லுங்கள். உங்கள் அட்டவணையின் தலைப்பில் என்ன விதிகள் குறிக்கப்பட்டிருந்தன என்பதும் தேவை.

பொருநைச்செல்வன்:

ஆறு கட்டுகள், ஐயா. துணியில் பிளாக்ஜாக்கிற்கு 6-க்கு 5 என்று அச்சிட்டிருந்தது. சாஃப்ட் 17-இல் டீலர் கட்டாயம் சீட்டு எடுப்பார் என்ற வரியும் இருந்தது. என் அட்டவணையோ, டீலர் எல்லா 17-களிலும் நிற்கும் மேசைக்கும் 3-க்கு 2 என்ற விகிதத்திற்கும் உரியது.

எண்ணும்எழுத்தும்:

அப்படியானால் பெரும் பகுதி விளங்கிவிட்டது. நீங்கள் படித்த அரை சதவீதம் என்ற கணக்கு, பிளாக்ஜாக்கிற்கு 3-க்கு 2 தரும் மேசைக்கு உரியது. 15 டாலர் பந்தயத்திற்கு அங்கே 22.50 டாலர் கிடைக்கும். 6-க்கு 5 மேசையில் 18 டாலர்தான் கிடைக்கும். பிளாக்ஜாக் ஏறக்குறைய 21 கைகளுக்கு ஒரு முறை விழும் என்பதால், இந்த ஒரே விதி கூடத்தின் ஆதாயத்தை 1.4 சதவீத அளவுக்கு உயர்த்திவிடுகிறது. சாஃப்ட் 17-இல் டீலர் சீட்டு எடுப்பது இன்னுமொரு 0.2 சதவீதத்தைச் சேர்க்கிறது. ஆக, நீங்கள் அமர்ந்திருந்த மேசையில், ஒரு கைகூடத் தவறாமல் ஆடினாலும் கூடத்தின் ஆதாயம் சுமார் 2 சதவீதம்.

இனி 300 டாலரைப் பார்ப்போம். மணிக்கு 70 கைகள் என்று வைத்துக்கொண்டால், இரண்டு மணி நேரத்தில் 140 கைகள், 2,100 டாலர் பந்தயம். அதில் 2 சதவீதம் என்பது 42 டாலர். மீதி எங்கே போனது என்று கேட்பீர்கள். டபுள் (பந்தயத்தை இரட்டிப்பாக்கி ஒரே ஒரு சீட்டு வாங்குவது), ஸ்ப்ளிட் (ஒரே மதிப்புள்ள இரு சீட்டுகளை இரண்டு கைகளாகப் பிரிப்பது) எல்லாம் சேர்த்து, ஒவ்வொரு கையின் ஏற்ற இறக்கமும் பந்தயத்தைப் போல் சுமார் 1.15 மடங்கு, 140 கைகளுக்கு அது சராசரியிலிருந்து இருபுறமும் 200 டாலர் அளவுக்கு இழுக்கும். எனவே 300 டாலரோ அதற்கு மேலோ இழப்பது ஏறக்குறைய பத்தில் ஒரு முறை நடக்கக்கூடியதே. உங்கள் மனப்பாடத்தில் பிழை இருந்ததற்கு அந்த இழப்பு சான்றாகாது. அதே நேரத்தில், இரண்டு மணி நேரம் ஆட நினைப்பவர் ஒரு பந்தயத்தைப் போல் இருபது, முப்பது மடங்கு பணத்தை இழக்கத் தயாராக இருக்க வேண்டும். அது முடியாதென்றால் அந்த மேசையில் அமராமல் இருப்பதே நல்லது.

மேசையைத் தேர்ந்தெடுப்பது பற்றி ஒரு சொல். வேகாஸின் பெரிய கூடங்கள் நிறைந்த ஸ்ட்ரிப் பகுதியில் குறைந்த பந்தய மேசைகள் பெரும்பாலும் 6-க்கு 5 ஆகவே இருக்கின்றன. 3-க்கு 2 வேண்டுமென்றால் குறைந்தபட்சப் பந்தயம் 25 டாலரோ அதற்கு மேலோ ஆகிவிடும். ஆனால் கணக்கைப் பாருங்கள்: 15 டாலருக்கு 2 சதவீதம் என்றால் ஒரு கைக்கு 30 சென்ட், 25 டாலருக்கு 0.6 சதவீதம் என்றால் 15 சென்ட். ஏற்ற இறக்கம் கூடுதலாக இருக்கும் என்பது உண்மையே, ஆயினும் சராசரியாகப் பார்த்தால் பெரிய பந்தய மேசையே மலிவானது.

கல்லணைத்தமிழ்:

16-க்கு எதிராக 10 என்பது இந்த ஆட்டத்திலேயே மிக மோசமான நிலைகளுள் ஒன்று. அட்டவணை அங்கே உங்களுக்கு வெற்றியைக் காட்டுவதில்லை, இழப்பில் சிறியதைக் காட்டுகிறது. நீங்கள் நின்றுவிட்டால் டீலர் கவிழ்ந்தால் மட்டுமே வெல்வீர்கள். மறைந்திருக்கும் சீட்டைப் பார்த்து டீலருக்குப் பிளாக்ஜாக் இல்லை என்று உறுதியான பிறகு, அவர் கவிழ்வதற்கான வாய்ப்பு சுமார் 23 சதவீதம். 77 முறை தோற்று 23 முறை வென்றால், 100 பந்தயங்களுக்கு 54 பந்தயம் இழப்பு. சீட்டு வாங்கினால், பதின்மூன்று வகைச் சீட்டுகளில் 6 முதல் ராஜா வரையிலான எட்டும் உங்களைக் கவிழ்க்கும். மீதி ஐந்தும் காப்பாற்றும். அந்தக் கணக்கும் 54-இல்தான் வந்து நிற்கிறது, மயிரிழை குறைவாக. பாதிப் பந்தயத்தைக் கொடுத்துவிட்டு விலகும் சரண்டர் இருக்கும் மேசையில் இழப்பு 50 மட்டுமே. எனவே முதல் இரண்டு சீட்டுகளிலேயே (இரட்டை 8 அல்லாத) 16 வந்துவிட்டால் சரண்டர் கேட்பதே சரி. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட சீட்டுகளால் 16 சேர்ந்திருந்தால், உங்களுக்குத் தேவையான சிறிய சீட்டுகளில் சில ஏற்கெனவே உங்கள் கையிலேயே இருப்பதால், நின்றுவிடலாம்.

ஏஸ்-7 பற்றிய கேள்வியை எல்லோரும் கேட்கிறார்கள். 18 என்ற எண் கண்ணுக்கு நன்றாக இருப்பதே காரணம். டீலர் 9 காட்டும்போது அந்த 18-இல் நின்றால் 100 பந்தயங்களுக்கு 18 இழப்பு; சீட்டு வாங்கினால் 10 இழப்பு. ஒரு சீட்டு வாங்குவதால் இந்தக் கை கவிழவே முடியாது. 10 மதிப்புள்ள நான்கு வகைச் சீட்டுகளும் உங்களை அதே 18-இல் விட்டுவிடும், ஏஸும் 2-உம் 3-உம் 19 முதல் 21 வரை உயர்த்தும். 4 முதல் 9 வரை வந்தால் 12 முதல் 17 வரையிலான சாதாரணக் கையாகிவிடும். 17-ஐத் தவிர மற்றவற்றிற்கு மீண்டும் வாங்க வேண்டியிருக்கும். அந்தத் தொல்லையையும் சேர்த்துத்தான் 10 என்ற கணக்கு வருகிறது. டீலர் 10 அல்லது ஏஸ் காட்டினாலும் இதே முடிவுதான். 7, 8 காட்டினால் நின்றுவிடுங்கள்.

பக்கத்து இருக்கைக்காரரின் கோபத்தைப் பொருட்படுத்த வேண்டாம். பெட்டிக்குள் அடுத்து வரும் சீட்டு எது என்று யாருக்கும் தெரியாத நிலையில், நீங்கள் எடுக்கும் சீட்டு டீலரைக் காப்பாற்றவும் கூடும், கவிழ்க்கவும் கூடும். இரண்டிற்கும் வாய்ப்பு ஒன்றே. கவிழ்க்கத் தவறிய முறைகள் மட்டுமே அவர்கள் நினைவில் தங்குகின்றன.

எண்ணும்எழுத்தும்:

இன்சூரன்ஸ் கேள்விக்கு நான் விடை சொல்கிறேன். பதின்மூன்று வகைகளில் நான்கு மட்டுமே 10 மதிப்புள்ளவை. இன்சூரன்ஸுக்கு 2-க்கு 1 தருகிறார்கள். எனவே 13 முறை ஒவ்வொரு டாலர் வைத்தால் நான்கு முறை 8 டாலர் வரும், ஒன்பது முறை 9 டாலர் போகும். சீட்டுகளை எண்ணி வைத்து ஆடாத ஒருவருக்கு இது எப்போதும் நட்டமே. உங்களிடமே பிளாக்ஜாக் இருக்கும்போது, பந்தயத்திற்குச் சமமான தொகையை உடனே சமப் பணமாக வாங்கிக்கொள்கிறீர்களா என்று டீலர் கேட்பதும் இதே இன்சூரன்ஸ்தான். 3-க்கு 2 மேசையில் மறுத்துவிட்டால், 13 முறையில் ஒன்பது முறை ஒன்றரைப் பந்தயம் கிடைக்கும், மொத்தம் 13.5 பந்தயம். ஒப்புக்கொண்டால் 13 பந்தயம் மட்டுமே. 6-க்கு 5 மேசைகளில் பெரும்பாலும் சமப் பணம் தருவதில்லை.

இந்த எண்களெல்லாம் அனுபவசாலிகளின் ஊகமோ என்று ஐயம் வேண்டாம். அமெரிக்காவின் அபர்டீன் ராணுவத் தளத்தில் பணியாற்றிய ரோஜர் பால்ட்வின், வில்பர்ட் கான்டி, ஹெர்பர்ட் மைசல், ஜேம்ஸ் மெக்டெர்மட் ஆகிய நால்வரும் மேசைக் கணக்குப் பொறிகளைக் கொண்டு கணக்கிட்டு, 1956-இல் புள்ளியியல் ஆய்விதழ் ஒன்றில் வெளியிட்டார்கள். பின்னர் எட்வர்ட் தார்ப் ஐ.பி.எம். 704 கணினியில் அதைச் செம்மைப்படுத்தினார். கணினி இல்லாத நால்வரின் விடைகள் எவ்வளவு சரியாக இருந்தன என்பது இன்றும் எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

பொருநைச்செல்வன்:

இருவருக்கும் மிக்க நன்றி. 3-க்கு 2 மேசையைத் தேடிக்கொள்கிறேன். அங்கேயும் சாஃப்ட் 17-இல் டீலர் சீட்டு எடுப்பாரானால், என் அட்டவணை முழுவதையும் புதிதாகப் படிக்க வேண்டுமா?

கல்லணைத்தமிழ்:

வேண்டாம், ஒரு சில கட்டங்களே மாறும். உங்களிடம் 11 இருந்து டீலர் ஏஸ் காட்டினால் டபுள். ஏஸ்-7-க்கு எதிராக 2 வந்தால் டபுள். ஏஸ்-8-க்கு எதிராக 6 வந்தால் அதற்கும் டபுள். சரண்டர் இருந்தால், டீலரின் ஏஸுக்கு எதிராக 15, 17, இரட்டை 8 ஆகியவற்றையும் விட்டுவிட வேண்டும். வேகாஸில் அட்டவணைச் சீட்டை மேசையிலேயே வைத்துப் பார்க்கப் பொதுவாகத் தடை இல்லை, கூடங்களின் கடைகளிலேயே விற்கிறார்கள். ஆட்டத்தைத் தாமதப்படுத்தாமல் பார்த்துக்கொண்டால் போதும். கடையில் வாங்கும்போது தலைப்பில் சாஃப்ட் 17 விதி சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். சீட்டு வேண்டுமென்றால் விரலால் மேசையைத் தட்டுங்கள், நிற்பதானால் உள்ளங்கையைக் கிடையாக அசையுங்கள். மேலேயுள்ள கேமராவிற்காக இந்தச் சைகைகளைக் கட்டாயம் கேட்பார்கள். மேசையில் சரண்டர் உண்டா என்பது துணியில் பெரும்பாலும் எழுதப்பட்டிருக்காது. அமர்வதற்கு முன் டீலரிடம் வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள்.