செஸ்னா 172: மேலே ஏறும்போது ஆயில் டெம்பரேச்சர் சிவப்புக் கோட்டை நெருங்குகிறது

ஆஸ்டின்_பறவை:
வணக்கம். நானும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து 1978ஆம் ஆண்டு செஸ்னா 172என் (172N) சிறு விமானம் ஒன்று வைத்திருக்கிறோம். லைகமிங் ஓ-320 இன்ஜின், 160 குதிரைத்திறன். இங்கே டெக்சாஸில் இப்போது பகலில் 37 டிகிரி வெயில். போன சனிக்கிழமை 73 நாட் வேகத்தில் ஏறிக்கொண்டிருந்தேன். 3,000 அடி தாண்டியதும் ஆயில் டெம்பரேச்சர் முள் 245 ஃபாரன்ஹீட் சிவப்புக் கோட்டுக்கு ஒரு முள்ளளவு கீழே வந்துவிட்டது. ஆயில் பிரஷர் பச்சையிலேயே இருந்தது. உடனே மூக்கைத் தாழ்த்தி, பவரைக் குறைத்துத் திரும்பிவிட்டேன். ஆயில் அளவு சரியாக இருக்கிறது. வருடாந்தரச் சோதனை முடிந்து இரண்டு வாரம்தான் ஆகிறது. அதற்கு முன் இப்படி வந்ததே இல்லை. எங்கிருந்து தேட ஆரம்பிக்கலாம்?

ரன்வே_மதி:
திரும்பி வந்தது நல்ல முடிவு. நான் பயிற்சி கொடுப்பவள். மாணவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: டெம்பரேச்சர் மட்டும் ஏறினால் யோசிக்க நேரம் இருக்கிறது. அது ஏற ஏற பிரஷர் இறங்கினால் இன்ஜின் நிற்கப்போகிறது என்றே வைத்துக்கொண்டு, பவரைக் குறைத்து இறங்க இடம் பாருங்கள். அப்புறம், இந்த வெயிலில் 73-ல் ஏற வேண்டாம். 80, 85-ல் ஏறினால் கவுலிங்குக்குள், அதாவது இன்ஜினை மூடியிருக்கும் கூட்டுக்குள், காற்று நன்றாகப் போகும்.

பழைய_மெக்கானிக்:
தம்பி, சோதனைக்கு அப்புறம்தான் வந்தது என்கிறீர்களே, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆயிலைக் குளிர்விக்கும் கூலரை மாற்று, வால்வை மாற்று என்று பணத்தைக் கொட்டாதீர்கள்.

முதலில் டெம்பரேச்சர் காட்டும் கேஜ் உண்மை சொல்கிறதா என்று பாருங்கள். உங்கள் மெக்கானிக்கை வைத்துக்கொண்டு சென்சாரைக் கழற்றி, வயர் மாட்டியபடியே நுனியைக் கொதிக்கும் தண்ணீரில் விடுங்கள். சென்சார் உடம்பிலிருந்து இன்ஜினுக்கு ஒரு கிரவுண்டு வயர் கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் முள் தப்பாகக் காட்டும். மாஸ்டர் ஸ்விட்சைப் போட்டுப் பாருங்கள். கொதிநீர் 212 ஃபாரன்ஹீட். முள் சிவப்புக்கு நன்றாகக் கீழே நிற்க வேண்டும். சிவப்பைத் தொட்டால் கோளாறு இன்ஜினில் இல்லை.

கேஜ் சரியென்றால் மேல் கவுலிங்கைக் கழற்றி, உள்பக்கத்தைப் பாருங்கள். பேஃபில் என்பது காற்றை இன்ஜின் மேல் திருப்பிவிடும் தகடு; அதன் விளிம்பில் இருக்கும் ரப்பர் கவுலிங்கில் உரசிய இடத்தில் கறுப்பாக ஒரு தடம் இருக்கும். அது விடாமல் போனால் ரப்பர் ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. எங்கே தடம் அறுந்திருக்கிறதோ அங்கே காற்று தப்பிக்கிறது. ரப்பரின் விளிம்பு இன்ஜின் பக்கமாக வளைந்திருக்க வேண்டும். அப்போதுதான் மேலிருந்து வரும் காற்றே அதைக் கவுலிங்கோடு அழுத்திப் பிடிக்கும். அவசரமாகக் கவுலிங் மாட்டும்போது விளிம்பு வெளிப்பக்கம் மடங்கிவிடும். இதை நான் எத்தனையோ விமானங்களில் பார்த்திருக்கிறேன். காற்று கூலருக்குப் போகாமல் சந்து வழியாக ஓடிவிடும்.

அதுவும் சரியாக இருந்தால்தான் வெர்னதெர்ம், அதாவது ஆயில் சூட்டுக்கு ஏற்ப நீளும் வால்வு. ஏறக்குறைய 185 ஃபாரன்ஹீட்டில் அது நீண்டு, கூலரைத் தவிர்த்துப் போகும் வழியை அடைத்து, ஆயிலைக் கூலருக்குத் திருப்ப வேண்டும். முழுதாக அடைக்காவிட்டால் ஒரு பங்கு ஆயில் கூலருக்குப் போகாமலே சுற்றிவரும்.

ஆஸ்டின்_பறவை:
அண்ணா, கண்டுபிடித்துவிட்டோம்! கொதிநீரில் கேஜ் சரியாகவே காட்டியது. கவுலிங்கின் உள்ளே பின்பக்க வலது மூலையில் ஒரு சாண் அளவுக்குத் தடமே இல்லை. ரப்பர் வெளியே மடங்கியிருந்தது. தொட்டால் பலகை மாதிரி விறைப்பு, மடங்கிய இடத்தில் கீறல் வேறு. மெக்கானிக் அந்தத் துண்டைப் புது சிலிக்கான் ரப்பராக மாற்றிக்கொடுத்தார். நேற்று அதே வெயிலில் 80 நாட்டில் 4,500 அடி ஏறினேன். முள் பச்சையிலேயே, சிவப்புக்கு நல்ல தூரத்தில் நின்றது. உங்கள் இருவருக்கும் மனமார்ந்த நன்றி. புது ரப்பரும் பழையதும் சேரும் இடத்தில் பென்சில் நுழையும் அளவுக்கு ஓட்டை இருக்கிறது. விட்டுவிடலாமா?

பழைய_மெக்கானிக்:
விடாதீர்கள். அதிக வெப்பம் தாங்கும் ஆர்டிவி சிலிக்கான் பசை வைத்து அவரையே அடைக்கச் சொல்லுங்கள். கவுலிங் மாட்டியபின் முன்பக்கக் காற்று வாயில் வழியாக டார்ச் அடித்து, விளிம்பு எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது என்று ஒருமுறை நீங்களே பார்த்துவிடுங்கள்.