அமீபாக்களை இன்னும் ஒரே கூட்டமா வைக்கலாமா?

சேர்வராயன்:
ஏற்காட்டுல சில்வர் ஓக் மரத்துப் பாசியைக் கொஞ்சம் எடுத்துட்டு வந்து, பிழிஞ்ச தண்ணியை ஸ்லைடுல வெச்சேன். ஓடு உள்ள அமீபா ரெண்டு கிடைச்சுது. ஒண்ணு ஆர்செல்லா: பழுப்புக் குடை மாதிரி ஓடு, அடியில வட்டத் துளை, அதுவழியா மழுங்கின போலிக்கால் (நகர்றதுக்கு உடம்பையே நீட்டுற கால்). இன்னொண்ணு யூகிளைஃபா: கண்ணாடிச் செதில் அடுக்கின குடுவை, நூல் நூலா கால். பழைய புத்தகத்துல ரெண்டும் சார்கோடினா, அதாவது போலிக்காலால நகர்றதையெல்லாம் சேர்த்து வெச்ச ஒரே கூட்டம். மரபணு வரிசையைப் பார்த்தா ஆர்செல்லா அமீபோசோவாங்கிற கூட்டம், யூகிளைஃபா ரைசேரியாங்கிற வேற கூட்டம். யூகிளைஃபாவுக்குச் சொந்தம் கடல்ல இருக்கிற ஃபொராமினிஃபெராங்கிற ஒற்றைச் செல் உயிர்கள்! இனியும் சார்கோடினான்னு சொல்லித் தர்றது தப்புங்க.

பழைய வாத்தியார்:
தம்பி, சேலத்துல முப்பது வருஷம் விலங்கியல் எடுத்தவன் நான். மழுங்கின கால், நூல் காலுன்னு வித்தியாசத்தை உனக்குக் காட்டுனதே மைக்ராஸ்கோப்தானே? மரபணு மட்டும் தவறாதா? ஆரம்பத்துல 18எஸ் ஆர்.என்.ஏ (ரைபோசோமோட ஒரு பகுதி) மரபணு ஒண்ணை நம்பி உறவு மரம் வரைஞ்சவங்க, எண்டமீபா, மாஸ்டிகமீபாங்கிற ரெண்டு அமீபா வகையில முதலாவதை ஒரு கிளையில, மத்ததை வேற கிளையில வெச்சாங்க. அடுத்த வருஷம் இதுவும் மாறும். பசங்க எதைப் படிக்கிறது?

சேர்வராயன்:
அதைத் திருத்துனதும் மரபணுதாங்க ஐயா. 2002ல நூத்துக்கும் மேல மரபணுக்களைச் சேர்த்துப் பார்த்தப்பதான் அது ரெண்டும், டிக்டியோஸ்டீலியம்ங்கிற சளிப்பூஞ்சையும் ஒண்ணா நின்னுச்சு. காலை மட்டும் நம்பினா நெக்லேரியாங்கிற அமீபாகிட்ட ஏமாந்துடுவோம். மழுங்கின காலோட நகரும், சமயத்துல சாட்டை மாதிரி ரெண்டு கசையிழை முளைச்சு நீந்தும். அதுக்கு நெருங்கின உறவு பச்சையா நீந்துற யூக்ளினா, பாடப் புத்தகத்து அமீபா புரோட்டியஸ் இல்ல.

அஸ்தம்பட்டி லேப்:
நடுவுல வர்றேன், மன்னிக்கணும். மலப் பரிசோதனையில நாலு உட்கருவோட உருண்டை சிஸ்ட் (உறைக்குள்ள ஒடுங்கின அமீபா) தெரியும். அது எண்டமீபா ஹிஸ்டோலிடிகாவா, எண்டமீபா டிஸ்பாரான்னு லென்ஸ் சொல்லாதுங்க. ஹிஸ்டோலிடிகா சீதபேதி, ஈரல்ல சீழ்க்கட்டி வரைக்கும் கொண்டுபோகும். டிஸ்பார் குடல்ல சும்மா குடியிருக்கும். 1993லயே தனித்தனி இனம்னு பிரிச்சாச்சு. நகர்ற அமீபா ரத்தச் சிவப்பணுவை விழுங்கியிருந்தாத்தான் ஹிஸ்டோலிடிகான்னு தைரியமா எழுதுவேன். மத்தபடி மரபணுவைத் தேடுற பி.சி.ஆரோ, அமீபாவோட புரதத்தைத் தேடுற ஆன்டிஜென் சோதனையோ வேணும். தேவையில்லாதவங்க மாத்திரை சாப்பிடுறது எனக்கு மனசு கேக்கல.

பழைய வாத்தியார்:
நோயாளி விஷயத்துல மறுபேச்சு இல்லம்மா. வகுப்புல மட்டும் நான் விடமாட்டேன். சார்கோடினாவை அழிச்சுக்க தம்பி, ஆனா முதல் நாள் அந்தப் பாசித் தண்ணியைத்தான் வைக்கணும். ரெண்டு காலும் வேறன்னு பசங்க வாயால வரட்டும். 18எஸ் எல்லாம் மறுநாள்.